நிலவேம்புப் பொடியில் ஆண்ட்ரோகிராபோலைடு எவ்வளவு? அளந்து பார்க்க ஒரு செய்முறை

நிலவேம்பு வாங்கப் போகிறவர்கள் ஒரு இலையைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். கசப்பு தொண்டை வரைக்கும் இறங்கினால் நல்ல சரக்கு என்று கணக்கு. வேலூர் லாங் பஜார் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் இன்றைக்கும் இதுதான் சோதனை, அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, ஏனென்றால் அந்தக் கசப்பைத் தருகிற ஆண்ட்ரோகிராபோலைடைத்தான் நாங்களும் லேபில் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆனால் நாக்கு, கசப்பு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு என்று அதற்குச் சொல்லத் தெரியாது. சில சமயம் ஆளையே மாற்றிச் சொல்லிவிடும். சிரத்தைக்குச்சி என்று பழைய ஆட்கள் சொல்வார்களே, அந்த இமயமலைப் பக்கத்துச் செடியும் இதே மாதிரிதான் கசக்கும், ஆனால் அதில் ஆண்ட்ரோகிராபோலைடு கிடையாது.

நான் வேலூரில் ஒரு கல்லூரி லேபில் எம்.எஸ்சி. பிள்ளைகளுக்குப் பல வருஷமாக இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கிறேன். புராஜெக்ட் சமயம் வந்தால் யாராவது ஒருவர் கையில் பொட்டலத்தோடு வந்து, "சார், இதுல எவ்ளோ கீதுன்னு பாக்கணும்" என்று நிற்பார்கள். அவர்களுக்கு வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்கொண்ட மருந்து நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்பாடகம், சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்கு சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2012 டெங்கு சமயத்தில் அரசே ஊர் ஊராகக் காய்ச்சிக் கொடுத்த குடிநீர் என்பதால் இதைத் தெரியாதவர்கள் குறைவு.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொடியை மெத்தனாலில் (பொருள்களைக் கரைத்தெடுக்க லேபில் புழங்கும் நச்சு ஆல்கஹால்) ஊறவைத்து அளந்தால் பொடியில் இருப்பது தெரியும். ஆனால் யாரும் மெத்தனாலில் கலக்கிக் குடிப்பதில்லை, தண்ணீரில் காய்ச்சி வடிகட்டித்தான் குடிக்கிறார்கள். அதனால் குடிநீரையும் தனியாக அளக்க வேண்டும். நான் பார்த்த பாதி புராஜெக்ட்களில் இந்த இரண்டாவது வேலை இருக்காது, மருந்து குடிக்கிற ஆளுக்கு உபயோகப்படுகிற எண்ணோ அதில்தான் இருக்கிறது.

சரி, இப்படி அளக்க நாங்கள் பயன்படுத்துவது நிறப்பிரிகை (குரோமடோகிராஃபி) என்ற முறை. அது என்ன? பள்ளிக்கூடத்தில் சாக்பீஸில் இங்க் புள்ளி வைத்து, அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி நிறுத்தியிருப்பீர்கள். தண்ணீர் மேலே ஏற ஏற ஒரே இங்க் இரண்டு மூன்று நிறமாகப் பிரிந்து நிற்கும். மிகயில் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் 1903-இல் வார்சாவில் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான், அவர் கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை அடைத்து இலைச் சாற்றை ஊற்றி, பச்சையையும் மஞ்சளையும் தனித்தனி வளையமாகப் பிரித்துக் காட்டினார். தூளோடு அதிகம் ஒட்டிக்கொள்கிற பொருள் பின்தங்கும், ஒட்டாத பொருள் முன்னே ஓடும். தூளை மெல்லிசாகப் பூசிய டி.எல்.சி. பிளேட்டானாலும், தூள் அடைத்த குழாய்க்குள் அழுத்தத்தோடு திரவத்தைத் தள்ளும், லட்சக்கணக்கில் விலை போகும் ஹெச்.பி.எல்.சி. மெஷினானாலும் நடப்பது இந்த ஒட்டலும் ஓட்டமும்தான்.

சரக்கு எடுப்பதில்தான் பாதி தப்பு நடக்கிறது

"அண்ணே, இது எப்ப வந்த சரக்கு?" என்று கடையில் கேளுங்கள். போன தடவை நான் கேட்டபோது, "ஜவ்வாது மலையில இருந்து ஆடிக்கு முன்னயே வந்தது சார், இன்னும் மூட்டையிலதான் கீது" என்றார். அதை அப்படியே நோட்டில் எழுதினேன். நிலவேம்பு நாள்பட வைத்தால் ஆண்ட்ரோகிராபோலைடு மெதுவாகக் குறைந்து, அதிலிருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்ற இன்னொரு பொருள் கூடிக்கொண்டே போகும். பறித்த மாதம், காயவைத்த விதம், மூட்டையில் கிடந்த நாள் இதெல்லாம் தெரியாமல் வெறும் சதவீதத்தை மட்டும் எழுதினால் அது எதோடும் ஒப்பிட உதவாது. பூ விடத் தொடங்கும் பருவத்தில் பறித்த செடியில் அதிகம் இருக்கும், இலையில் அதிகம், தண்டில் குறைவு. கடைப் பொட்டலத்தில் குச்சி அதிகமாக இருந்தால் எண் தானாகக் குறையும்.

முழுச் செடியாகக் கிடைத்தால் ஒரு கிளையைப் பூவும் காயுமாக அழுத்திக் காயவைத்து, தாவரவியல் ஆசிரியரிடம் காட்டிப் பெயரை உறுதி செய்துகொள்ளுங்கள். நிலவேம்பையே சிறியாநங்கை என்று சொல்பவர்கள் உண்டு, பற்பாடகம் என்ற பெயரிலோ ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் விற்கின்றன. பொடியான பிறகு கண்ணால் பார்த்துச் செடியைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பொட்டலத்தை அப்படியே திறந்து மேலே இருப்பதை ஒரு ஸ்பூன் எடுக்காதீர்கள். குடிநீர்ச் சூரணம் ஒன்றிரண்டாக இடித்தது. பொட்டலம் பையிலும் பஸ்ஸிலும் குலுங்கி வரும்போது இலைத்தூள் அடியில் இறங்கிவிடும், குச்சியும் வேரும் மேலே மிதக்கும். ஒரு வருஷம் இரண்டு மாணவிகள் ஒரே பொட்டலத்தை அளந்தார்கள். ஒருத்தி மேலே இருந்து எடுத்தாள், இன்னொருத்தி கடைசியில் மிச்சம் இருந்ததை எடுத்தாள். இருவரும் கணக்கில் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆனால் எண்கள் ஒத்துப்போகவே இல்லை, ஒரு வாரம் மெஷினைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். அதன்பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். முழுப் பொட்டலத்தையும் சுத்தமான காகிதத்தில் கொட்டிக் கிளறி, வட்டமாகப் பரப்பி, ஸ்கேலால் நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மறுபடியும் கலந்து பரப்பி நாலாகப் பிரிப்பது. இப்படி 20 கிராம் அளவுக்கு வந்ததும் அதை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி (சூடு ஏறக்கூடாது) சல்லடையில் சலிக்கலாம். சித்த மருந்து செய்கிறவர்கள் வஸ்திரகாயம் என்று துணியில் சலிப்பார்களே, அவ்வளவு மெல்லிசாகத் தேவையில்லை. சல்லடையில் தங்கிய நாரைத் தூக்கிப் போடாமல் திரும்ப அரைத்துச் சேர்க்க வேண்டும், போட்டுவிட்டால் அது வேறு மருந்தாகிவிடும்.

அதில் ஒரு பங்கை 105 டிகிரி ஓவனில் எடை மாறாத வரைக்கும் காயவைத்து ஈரம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் எடை போட்ட பொடியும் சித்திரை வெயிலில் எடை போட்ட பொடியும் ஒன்றில்லை. இந்த ஓவனில் காய்ந்த பங்கைப் பிரிகைக்கு எடுக்க வேண்டாம், அது ஈரம் பார்க்க மட்டும்.

முதலில் பிளேட்

பிள்ளைகள் எல்லாருக்கும் நேராக ஹெச்.பி.எல்.சி.யில் உட்கார ஆசை. நான் விடுவதில்லை. சிலிக்கா ஜெல் பூசிய அலுமினிய பிளேட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் சரக்கு சரியா, மெத்தனாலில் இறங்கியதா என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும், செலவும் குறைவு.

ஒரு கிராம் பொடியை 10 மி.லி. மெத்தனாலில் அரை மணி நேரம் சோனிகேட்டரில் (ஒலி அலையால் அதிரவைக்கும் தொட்டி) வைத்து வடிகட்டுங்கள். பிளேட்டின் அடியில் இருந்து 1 செ.மீ. மேலே பென்சிலால் மெல்லிய கோடு. பேனா கூடாது, மையும் சேர்ந்து ஓடும். கேப்பிலரிக் குழாயால் சாற்றை ஒரு இடத்திலும், ஆண்ட்ரோகிராபோலைடு ஸ்டாண்டர்டை (ஒப்பிட்டுப் பார்க்க விலைக்கு வாங்கும் சுத்தமான பொருள்) பக்கத்திலும், இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்றாவது இடத்திலும் வையுங்கள். இந்த மூன்றாவது புள்ளியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஓடி முடித்ததும் அது ஒரே புள்ளியாக நின்றால்தான் சாற்றில் இருப்பதும் ஸ்டாண்டர்டும் ஒன்றுதான் என்று ஓரளவு நம்பலாம். குளோரோஃபார்மும் மெத்தனாலும் 9-க்கு 1 என்ற கலவையில் தொடங்கலாம். தொட்டிக்குள் வடிதாளை நிறுத்தி, மூடி போட்டு 20 நிமிஷம் ஆவி நிரம்ப விட்டு அதன்பிறகு பிளேட்டை இறக்குங்கள். எங்கள் ஊர் மே மாதம் தெரியும் இல்லையா, 40 டிகிரியைத் தாண்டும், ஏ.சி. இல்லாத லேபில் குளோரோஃபார்ம் கண் முன்னாலேயே பறந்துபோகும், கலவை மாறும், புள்ளி நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்காது. அதனால் ஒவ்வொரு பிளேட்டுக்கும் கலவையைப் புதிதாகச் செய்ய வேண்டும், ஒவ்வொரு பிளேட்டிலும் ஸ்டாண்டர்டு இருக்க வேண்டும்.

ஓடி முடித்த பிளேட்டைக் காயவைத்து யூ.வி. பெட்டிக்குள் வைக்கும் நேரம் எனக்கு இன்னும் சலிக்கவில்லை. 366 நானோமீட்டர் விளக்கைப் போட்டால் முதலில் கண்ணில் படுவது பச்சையத்தின் சிவப்பு, அப்புறம் பளிச்சென்ற நீலத்தில் ஒரு பட்டை, அது மிளகின் காரப் பொருளான பைப்பரின். நிலவேம்பு அந்த வெளிச்சத்தில் தன்னைக் காட்டாது. 254-இல் மங்கலாக ஒரு நிழல் தெரியலாம், தெரியாமலும் போகலாம். அப்போதுதான் அனிசால்டிஹைடு தெளிப்பு. 85 மி.லி. குளிர்ந்த மெத்தனாலில் 10 மி.லி. அசிட்டிக் அமிலம், அதில் 5 மி.லி. அடர் சல்ஃப்யூரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக ஐஸில் வைத்து ஊற்றி, கடைசியில் அரை மி.லி. அனிசால்டிஹைடு. தெளித்து 105 டிகிரியில் வைத்தால், வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் இரண்டு மூன்று நிமிஷத்தில் ஊதா நிறம் கசிந்து வரும், சாற்றின் தடத்திலும் ஸ்டாண்டர்டின் தடத்திலும் ஒரே உயரத்தில். அதைப் பார்த்த பிறகு அடுத்த வேலைக்குப் போகலாம். வரவில்லை என்றால் மெஷின் பக்கமே போக வேண்டாம், கடைக்குத் திரும்பிப் போய் என்ன கொடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

அந்தப் பொருள் நகர்ந்த தூரத்தைக் கரைப்பான் நகர்ந்த தூரத்தால் வகுத்தால் ஆர்.எஃப். எண் வரும். அதை எழுதிவைக்கலாம், ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பிப் பொருளை அடையாளம் சொல்ல வேண்டாம்.

மெத்தனால் பற்றி ஒரு வார்த்தை. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அத்தனை உயிரைக் கொண்டுபோனது இதே மெத்தனால்தான். லேபில் தண்ணீர் மாதிரி புழங்குவதால் அதன் மேல் பயம் விட்டுப்போகிறது. வாயால் பிப்பெட் உறிஞ்சுவது, குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது இரண்டும் எங்கள் லேபில் கிடையவே கிடையாது. குளோரோஃபார்ம் வேலை எல்லாம் ஆவியை வெளியே இழுக்கும் புகைபோக்கிக்குக் (ஃப்யூம் ஹூட்) கீழே.

அளப்பதற்கான சாறு

அளவெடுக்கும்போது ஒரு தடவை ஊறவைத்தால் போதாது. 1.000 கிராம் பொடியை எடை போட்டு, 15 மி.லி. மெத்தனாலில் அரை மணி நேரம் சோனிகேட் செய்து வடிகட்டி, சக்கையைத் திரும்ப 15 மி.லி., மறுபடியும் ஒரு 15 மி.லி. என்று மூன்று தடவை எடுத்து, எல்லாவற்றையும் 50 மி.லி. வால்யூமெட்ரிக் ஃபிளாஸ்க்கில் சேர்த்து மெத்தனாலால் கோடு வரைக்கும் நிரப்புங்கள். நாலாவது தடவையும் ஊற்றி, அதை மட்டும் தனியாக பிளேட்டில் ஓட்டிப் பாருங்கள். ஊதாப் புள்ளி வரவில்லை என்றால் மூன்று தடவை போதும். வந்தால் நேரத்தைக் கூட்டுங்கள். இந்தச் சோதனையை ஒரு சரக்குக்கு ஒரு தடவை செய்தால் போதும், ஆனால் செய்தே ஆக வேண்டும்.

ஃபிளாஸ்க்கை அலுமினியத் தாளில் சுற்றி வைக்கவும். ஆண்ட்ரோகிராபோலைடை விட மிளகுக்கு இது முக்கியம், பைப்பரின் கரைசலில் வெளிச்சம் பட்டால் உருமாறிவிடும். மிளகையும் சேர்த்து அளக்கப் போகிறீர்கள் என்றால் ஜன்னல் ஓரத்தில் வேலை செய்யாதீர்கள்.

சாறு கரும்பச்சையாக இருக்கும். அந்தப் பச்சையத்தை எடுக்கச் சிலர் கரித்தூள் போடுவார்கள், அது ஆண்ட்ரோகிராபோலைடிலும் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அளவெடுக்கும் வேலையில் நான் சேர்ப்பதில்லை. பச்சையத்தை அப்படியே விட்டுவிட்டு, மெஷினில் முன்காப்புக் குழாய் ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு நாள் முடிவிலும் நூறு சதவீத மெத்தனாலால் நன்றாகக் கழுவினால் போதும்.

ஸ்டாண்டர்டு

விலை அதிகம், அதனால்தான் பலர் இதில் கஞ்சம் பிடிக்கிறார்கள். ஸ்டாண்டர்டு இல்லாமல் அளவு என்ற பேச்சே இல்லை. சுத்தம் 98 சதவீதம் அல்லது அதற்கு மேல், சான்றிதழோடு வாங்குங்கள், அந்தச் சதவீதத்தால் கணக்கில் பெருக்க மறக்காதீர்கள். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த குப்பியை உடனே திறக்கக் கூடாது. அறையின் சூட்டுக்கு வரும்வரை டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய ஜாடி) வைத்துத் திறக்க வேண்டும், இல்லையென்றால் காற்றின் ஈரம் பொடியில் படிந்து, எடை போடும்போது தண்ணீரையும் சேர்த்து எடை போடுவீர்கள். 10 மி.கி.யை 10 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் மி.லி.க்கு 1 மி.கி. அதிலிருந்து மி.லி.க்கு 10, 20, 40, 60, 80, 100 மைக்ரோகிராம் என்று ஆறு கரைசல்.

மெஷினில்

காலம் என்று லேபில் சொல்கிற ஸ்டீல் குழாயைக் குழப்பம் வராமல் இருக்கக் குழாய் என்றே எழுதுகிறேன். சி18 குழாய் (உள்ளே இருக்கும் தூளில் 18 கார்பன் சங்கிலி ஒட்டியது), 250 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. விட்டம், 5 மைக்ரான் துகள். மெத்தனாலும் தண்ணீரும் 65-க்கு 35, நிமிஷத்துக்கு 1 மி.லி., ஊசியில் 20 மைக்ரோலிட்டர், டிடெக்டர் 225 நானோமீட்டர். தொடங்க இது போதும். குழாயை விட்டு ஒவ்வொரு பொருளும் வெளியே வரும்போது மெஷின் ஒரு மேடு வரையும், அதைத்தான் சிகரம் என்கிறோம். உங்கள் குழாயில் பக்கத்துச் சிகரம் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், எல்லாம் தாமதமாக வரும், ஆனால் பிரிந்து வரும். மிளகின் பைப்பரின் நிலவேம்புக்குப் பின்னால் வரும், அதை 343 நானோமீட்டரில் பார்க்க வேண்டும். அந்த அலைநீளத்தில் மற்ற சரக்குகள் பெரும்பாலும் பேசாமல் இருக்கும், எனவே பைப்பரினை அளப்பது சுலபம். 225-இல் அப்படி இல்லை. ஒன்பது சரக்கில் பாதிக்கு மேல் அங்கே ஏதோ ஒன்றைக் காட்டும், அதனால் ஆண்ட்ரோகிராபோலைடு சிகரத்துக்கு அடியில் வேறொன்று ஒளிந்திருக்க இடம் உண்டு.

அதைப் பிடிக்க இரண்டு வழி. டயோடு அரே டிடெக்டர் (எல்லா அலைநீளத்தையும் ஒரே சமயத்தில் பார்ப்பது) இருந்தால் சிகரத்தின் ஏறுமுகம், உச்சி, இறங்குமுகம் மூன்றிலும் நிறமாலையை எடுத்து ஸ்டாண்டர்டின் நிறமாலையோடு ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். அது இல்லாவிட்டால் நிலவேம்பு சேர்க்காமல் மற்ற எட்டுச் சரக்கையும் நீங்களே கலந்து, அதே மாதிரி சாறு எடுத்து ஊசி போடுங்கள். ஆண்ட்ரோகிராபோலைடு வர வேண்டிய நேரத்தில் அடிக்கோடு தட்டையாக இருந்தால் நிம்மதி. இந்த எட்டுச் சரக்குப் பொடி செய்ய ஒரு நாள் ஆகும், கடையில் சில நூறு ரூபாய் ஆகும், ஆனால் இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியாது.

ஊசி போடும் எதுவும் 0.45 மைக்ரான் வடிகட்டி வழியாகத்தான் போக வேண்டும், கரைப்பான்களும் அப்படித்தான், அதோடு காற்றுக் குமிழி போக சோனிகேட்டரில் வைக்க வேண்டும். தண்ணீர் ஹெச்.பி.எல்.சி. தரத்தில் இருக்க வேண்டும். பாலாற்றங்கரை போர் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும்.

ஒவ்வொரு ஸ்டாண்டர்டையும் மூன்று தடவை போட்டு, சிகரத்தின் பரப்பளவின் சராசரியைச் செறிவுக்கு எதிராகக் கோடாக வரையுங்கள். ஆர் ஸ்கொயர் (புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒட்டி நிற்கின்றன என்று காட்டும் எண்) 0.999-க்குக் கீழே போனால் கரைசல் செய்ததில் எங்கோ கை தவறியிருக்கிறது. ஒரே கரைசலை ஆறு தடவை போட்டால் பரப்பளவின் விலகல் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சாற்றின் பரப்பளவு கோட்டின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் விழ வேண்டும். கோட்டுக்கு வெளியே விழுந்தால் கோட்டை நீட்டாதீர்கள், சாற்றை நீர்த்துப் போடுங்கள்.

கணக்கு

எண்கள் கணக்குக்காக மட்டும். சாறு கோட்டில் மி.லி.க்கு 42 மைக்ரோகிராம் காட்டியது என்று வைப்போம். 50 மி.லி. சாறு, எனவே 42-ஐ 50-ஆல் பெருக்கினால் 2100 மைக்ரோகிராம், அதாவது 2.1 மி.கி. எடுத்த பொடி 1 கிராம், ஆகவே 0.21 சதவீதம். ஈரம் 9 சதவீதம் இருந்தால் 0.21-ஐ 0.91-ஆல் வகுத்துக் காய்ந்த எடைக்கு 0.23 சதவீதம். ஒன்பது சரக்கும் சம எடை என்றால் நிலவேம்பு ஒன்பதில் ஒரு பங்கு, அப்படியானால் கலவையில் போட்ட நிலவேம்பில், ஈரத்தோடு உள்ள எடைக்கு (0.21-ஐ 9-ஆல் பெருக்கி), சுமார் 1.9 சதவீதம் இருந்திருக்கிறது, இது நம்பக்கூடிய எண். கணக்கின் கடைசியில் நிலவேம்புக்கு 15 சதவீதம் என்று வந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள், எங்கேயோ நீர்த்தலை இரண்டு தடவை பெருக்கியிருப்பீர்கள்.

அப்புறம் மீட்பு. அளந்து முடித்த அதே பொடி 1 கிராமில் 1 மி.கி. ஸ்டாண்டர்டைச் சேர்த்து, முதலில் இருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்யுங்கள். 3.1 மி.கி. வர வேண்டும். 3.04 வந்தால், சேர்த்த 1 மி.கி.யில் 0.94 கையில் கிடைத்தது, 94 சதவீத மீட்பு, பரவாயில்லை. 70 என்று வந்தால் வடிகட்டும் தாளிலோ ஃபிளாஸ்க் மாற்றும்போதோ மருந்தைத் தொலைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அது வரைக்கும் எடுத்த எண்கள் எல்லாமே குறைவான எண்கள்.

இப்போது குடிநீர்

இதில் இடித்த பொடியை மறுபடியும் அரைக்கக் கூடாது. நாலாகப் பிரித்த பொடியில் அரைக்காத பங்கில் இருந்து 5 கிராம், 200 மி.லி. தண்ணீர், சிறு தீயில் 50 மி.லி.யாக வற்றும் வரைக்கும், நாலில் ஒன்று. வீட்டில் எப்படிச் செய்வார்களோ அப்படி, அதே மாதிரி பாத்திரத்தில், அதே மாதிரி துணியில் வடிகட்டி. வடிகட்டியதை அளவு ஜாடியில் ஊற்றி உண்மையில் எத்தனை மி.லி. இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள், 50 என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

எந்தத் தண்ணீர் என்பதையும் எழுத வேண்டும். ஆண்ட்ரோகிராபோலைடு காரத்தில் நிலைத்து நிற்காத பொருள். நம்ம ஊர் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் சுண்ணாம்பு பிரிந்து, தண்ணீர் காரத்தின் பக்கம் சாயும். எனவே ஒரே பொடியை ஒரு தடவை கேன் தண்ணீரிலும் ஒரு தடவை வீட்டுப் போர் தண்ணீரிலும் காய்ச்சி, இரண்டின் பி.ஹெச்.சையும் பார்த்து, இரண்டையும் அளக்கச் சொல்வேன். இது பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்வி, ஆனால் ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர்ப் பக்கம் இருந்து வரும் பிள்ளைகள் எல்லாருக்கும் இது வீட்டுக் கேள்வி. தோல் பதனிடும் ஊர்களில் குரோமியம் பற்றியும் கேட்பார்கள். அதற்கு இந்த மெஷின் பதில் சொல்லாது, உலோகத்துக்கு அணு உறிஞ்சல் கருவி மாதிரி வேறு வழி இருக்கிறது, அதைத் தனியாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

குடிநீரை நேராக ஊசியில் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும், அதில் மாவும் பிசினும் மிதக்கும். 5 மி.லி. குடிநீரோடு மெத்தனால் சேர்த்து 10 மி.லி. ஆக்கினால் அவை திரிதிரியாகப் பிரிந்து கீழே இறங்கும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்ததை வடிகட்டிப் போடுங்கள். கோட்டில் 45 மைக்ரோகிராம் வந்தால், பாதியாக நீர்த்ததால் உண்மையில் 90. 50 மி.லி.யில் 4500 மைக்ரோகிராம், 4.5 மி.கி. அந்த 5 கிராம் பொடிக்குள் இருந்தது 10.5 மி.கி. ஆக, டம்ளருக்குள் வந்தது 43 சதவீதம், மிச்சம் வடிகட்டிய சக்கையோடு வெளியே போய்விட்டது அல்லது காய்ச்சும்போது சிதைந்துவிட்டது. எது என்று தெரிய, சக்கையைக் காயவைத்து மெத்தனாலில் எடுத்து அதையும் அளந்து கூட்டிப் பாருங்கள். கூட்டினால் 10.5-க்குப் பக்கத்தில் வந்தால் எல்லாம் சக்கையில் இருக்கிறது. வராவிட்டால் தீயில் போயிருக்கிறது. இந்தக் கூட்டல் போட்டுப் பார்த்தவர்களுக்கு மருந்தைப் பற்றிப் புரிவது வேறு மாதிரி இருக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

ஆண்ட்ரோகிராபோலைடு அதிகம் என்றால் காய்ச்சல் சீக்கிரம் போகும் என்று மட்டும் ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள். நாம் அளந்தது ஒரு பொருளின் அளவை, குணமாக்கும் சக்தியை அளக்கவில்லை. மற்ற எட்டுச் சரக்கும் அந்தக் குடிநீரில் இருக்கின்றன.

மெஷின் இல்லாதவர்களுக்கு

வெளி லேபில் காசு கட்டிக் கொடுக்கலாம். ஒரு தடவை அப்படிக் கொடுத்ததில் ஒரு லேப் எங்களுக்கு ஒரே ஒரு எண்ணை மட்டும் தாளில் அடித்துக் கொடுத்தது. சிகரப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், ஸ்டாண்டர்டு வந்த நேரத்துக்கும் எங்கள் சாற்றில் அவர்கள் கணக்கில் எடுத்த சிகரத்துக்கும் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் வித்தியாசம். அவர்கள் அளந்தது வேறு எதையோ. அதனால் காசு கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்: ஸ்டாண்டர்டின் படம், சாற்றின் படம், இரண்டும் கலந்த படம், கோட்டின் எண்கள், குழாயின் விவரம், அலைநீளம், எல்லாம் வேண்டும் என்று. தர மறுக்கிற இடத்தில் கொடுக்காதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு குழாயை மெத்தனாலால் கழுவி, மெத்தனாலிலேயே மூடி போட்டு வையுங்கள். நாலாகப் பிரித்ததில் மிஞ்சிய பொடியைத் தூக்கி எறியாமல் பழுப்பு பாட்டிலில் போட்டு, கடை, தேதி, ஈரம், கிடைத்த எண் எல்லாம் எழுதி ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டு, ஆறு மாசம் கழித்து அதே பாட்டிலை எடுத்து மறுபடியும் ஒரு தடவை அளந்து பாருங்கள்.